தமிழ் நகைச்சுவை: இலக்கியத்திலும் திரையிலும் ஊரிலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் நகைச்சுவை என்றதும் பெரும்பாலோருக்குத் திரைப்படக் காட்சிகள்தாம் நினைவுக்கு வருகின்றன. சங்கப் பாடல், சிலேடை, கூத்து, வாரப் பத்திரிகை, கல்யாண வீட்டுக் கேலி என்று அதன் பரப்பு மிகப் பெரிது. மாணவர்களும் வாசகர்களும் இது குறித்து வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. சிரிக்க வைப்பவர் எந்த இடத்தில் நின்று பேசுகிறார், யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பதைக் கவனித்தால்தான் ஒரு நகைச்சுவையின் தரமும் விளைவும் விளங்கும் என்பது இந்த விடைகளை எழுதியவரின் உறுதியான எண்ணம்.

தமிழ் இலக்கண மரபு நகைச்சுவையைப் பொருட்படுத்தியதா?

பொருட்படுத்தியது மட்டுமன்று, முதலிடமும் கொடுத்தது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளை, வரிசைப்படுத்தும்போது 'நகையே அழுகை இளிவரல் மருட்கை' என்று நகையில்தான் தொடங்குகிறது. அது பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கையும் சொல்கிறது.

தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர் என்பவர் இவற்றுள் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவது மற்றொன்று. இந்த இரண்டாம் வகையைப் பலர் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் கேலிக்கு ஆளானவனும் சிரிக்கிறான் என்பதை ஓர் இலக்கண உரை கவனித்துப் பதிவு செய்திருப்பது சிறிய செய்தியன்று. அந்தச் சிரிப்பு மன விரிவால் வந்ததா, வேறு வழியில்லாமல் வந்ததா என்ற கேள்வி இன்றைய திரைப்பட நகைச்சுவை வரைக்கும் நம்மைத் தொடர்ந்து வருகிறது.

சங்க இலக்கியம் வீரமும் காதலும் பாடியது என்கிறார்கள். அதில் நகைச்சுவைக்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டா?

புறநானூற்றின் 95ஆம் பாடலைச் சொல்லலாம். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் செல்கிறார். தொண்டைமான் தன் படைக்கொட்டிலைத் திறந்து ஆயுதங்களைக் காட்டுகிறான். தன் வலிமையைக் கண்டு தூதர் அஞ்ச வேண்டும், அந்தச் செய்தி அதியமானிடம் போய்ச் சேர வேண்டும் என்பது அவன் நோக்கம்.

ஔவையார் அவனைப் பழிக்கவில்லை. அங்கே கண்டதை அப்படியே சொல்கிறார். இந்த வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசப்பட்டுக் காவல் மிகுந்த அரண்மனையில் இருக்கின்றன. எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து, கொல்லனுடைய சிறிய பட்டறையில் கிடக்கின்றன. பாடலின் செய்தி இவ்வளவுதான். 'இவ்வே', 'அவ்வே' என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, உணவு இருந்தால் பிறருக்குக் கொடுத்தும் இல்லாதபோது இருப்பதை அவர்களோடு பகிர்ந்து உண்டும் வாழ்கிறவன் அதியமான் என்று முடித்துவிடுகிறார்.

புகழ்ச்சி போல வந்து இகழ்ச்சியாக முடியும் இந்த உத்தியை அணியிலக்கணம் பிற்காலத்தில் வகைப்படுத்தியது. ஆனால் இதன் அருமை உத்தியோடு முடிந்துவிடவில்லை. இதைச் சொல்பவர் எதிரி அரசனின் அவையில், அவனுடைய படைகளுக்கு நடுவில், அவனுடைய விருந்தினராக நிற்கிறார். ஒரு சொல் பிசகினால் தூது குலைந்துவிடும். அவன் கோபம் கொள்வதற்கும் இடம் கொடுக்காமல், தன் ஆயுதங்கள் புத்தம் புதியனவாய் இருப்பதே தன் குறை என்று அவனே உணரும்படி செய்திருக்கிறார். அதிகாரத்தின் முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட நகைச்சுவைக்கு இதைவிடச் சிறந்த பாடலைத் தமிழில் காட்டுவது கடினம்.

உருவத்தைக் கேலி செய்வது திரைப்படம் கொண்டுவந்த வழக்கமா?

இல்லை. கலித்தொகையின் 94ஆம் பாடலில் அரண்மனையைச் சேர்ந்த கூனி ஒருத்தியும் குறளன் (குள்ளன்) ஒருவனும் ஒருவரையொருவர் கேலி செய்து பேசிக்கொள்கிறார்கள். சூதாடும் பலகையை எடுத்து நிறுத்தி வைத்தது போல நிற்கிறாய் என்று அவள் அவனைச் சொல்கிறாள். உன்னை முன்னால் நின்று தழுவினால் என் நெஞ்சில் குத்தும், பின்னால் நின்று தழுவினால் கூன் கிச்சுக்கிச்சு மூட்டும் என்று அவன் அவளைச் சொல்கிறான். படிக்கும் நமக்குச் சிரிப்பும் வருகிறது, சங்கடமும் வருகிறது.

ஆனால் பாடல் அந்த இடத்தில் நின்றுவிடவில்லை. இருவரும் சமாதானமாகி, இனி எள்ளுவதில்லை என்று ஒத்துக்கொள்கிறார்கள். அரண்மனைக்குள் நம்மைக் காண்பவர்கள் சிரிக்காமல் இருக்க வேண்டும் என்று சொல்லி, வேறிடம் செல்ல முடிவு செய்கிறார்கள். அதுவரை அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த வாசகருக்கு, தாமும் அந்த அரண்மனைக் கூட்டத்தில் ஒருவர்தாம் என்பது அப்போதுதான் தெரிகிறது. உருவக் கேலியை எழுதிய கவிஞரே அக்கேலியின் கொடுமையையும் அதே பாடலில் எழுதியிருக்கிறார். நிறத்தையும் பருமனையும் சொட்டைத் தலையையும் வைத்துச் சிரிக்க வைக்கும் நம் காலத்துக் காட்சிகளில் இந்த இரண்டாம் பகுதி பெரும்பாலும் இருப்பதில்லை. கேலி செய்யப்பட்டவர் அடுத்த காட்சியில் மீண்டும் கேலிக்கு ஆளாவதற்காகவே வருகிறார்.

சிலேடைப் பாடல்களை வெறும் சொல் விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாமா?

ஒரே சொற்கள் இரு பொருள் தரும்படி பாடுவது சிலேடை. அவற்றுள் சிலவற்றை ஒதுக்கலாம். காளமேகப் புலவரின் பெயரில் வழங்கும் தனிப்பாடல்கள் எல்லாமே ஒரே தரத்தன அல்ல. ஆனால் நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தைப் பற்றிய வெண்பாவை ஒதுக்க முடியாது.

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் – குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்.

பசியோடு சத்திரத்தில் காத்திருந்த ஒருவரின் இரவு முழுவதும் நான்கு அடிகளுக்குள் அடங்கிவிடுகிறது. பொழுது சாயும்போது அரிசி வருகிறது. குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் அடங்கிவிடுகிறது. ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி எழுகிறது. சத்திரத்துக்காரர் மனம் வருந்தியபோது, புலவர் இதே பாடலுக்கு வேறு பொருள் சொன்னார் என்பது வழிவழியாக வரும் கதை. நாட்டில் உணவு அத்தமிக்கும் (மறைந்துபோகும்) பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வரும். அதை உலையிலிட்டால் ஊரின் பசி அடங்கும். இலையில் விழும் சோற்றின் வெண்மைக்கு முன் வெள்ளியும் நாணி எழுந்துபோகும்.

இந்தக் கதை நடந்ததா என்பதை விட, அது ஏன் சொல்லப்பட்டு வந்தது என்பது முக்கியம். புலவன் உண்பது பிறர் வீட்டுச் சோற்றை. முகத்துக்கு நேரே வசை பாடிவிட்டு மறுநாளும் அதே ஊரில் அவன் நடமாட வேண்டும். குற்றத்தையும் சொல்லிவிட்டு, குற்றம் செய்தவர் தலை நிமிர்ந்து நடப்பதற்கான வழியையும் சிலேடை திறந்து வைக்கிறது.

நவீன இலக்கியத்தில் நகைச்சுவையின் இடம் என்ன?

தமிழ் உரைநடை நகைச்சுவையோடுதான் வளர்ந்தது. தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) வேடிக்கைக் கதைகள் நிறைந்தது. பாரதியார் 'இந்தியா' பத்திரிகையில் கேலிச்சித்திரங்களை வெளியிட்டு அந்நிய ஆட்சியைக் கடுமையாகச் சாடினார். பிறகு கல்கி, எஸ்.வி.வி., தேவன் ஆகியோர் வாரப் பத்திரிகை வாசகருக்கென்றே ஒரு நகைச்சுவை நடையை உருவாக்கினார்கள்.

இவர்களுள் புதுமைப்பித்தன் தனித்து நிற்கிறார். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைத் தெருவில் வந்து நிற்கிறார். வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளை அவருக்குப் பக்தியோடு கும்பிடு போடவில்லை. அவரை ஆயுள் சந்தாதாரராகச் சேர்க்கப் பார்க்கிறார். பின்னர் கடவுளுக்குப் பிழைப்புக்கு வழி தேடுகிறார்கள். கூத்தப் பெருமானின் நடனத்தை ஒரு பெரிய மனிதர் முன்னால் ஆடிக் காட்டினால் அவருக்கு அது பிடிக்கவில்லை. பக்தியைக் கிண்டல் செய்யும் கதை என்று இதைச் சிலர் சொல்கிறார்கள். கதை கிண்டல் செய்வது கடவுளை அன்று என்றே நான் கொள்கிறேன். கடவுளே நேரில் வந்து நின்றாலும் சந்தா, வாடகை, சிபாரிசு என்ற கணக்குகளை விட்டு வெளியே வர இயலாத நகர வாழ்க்கையைத்தான் அது காட்டுகிறது. கந்தசாமிப் பிள்ளையிடம் வெறுப்பு ஏற்படாதபடி எழுதியதும் ஆசிரியரின் பெருந்தன்மை.

கூத்தில் கட்டியங்காரன் எதற்காக வருகிறான்?

தெருக்கூத்தில் முதலில் வருபவன் கட்டியங்காரன். இன்று எந்தக் கூத்து, யார் யார் வேடம் என்று சொல்பவன் அவனே. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் அரச வேடம் வந்து நிற்கும்போது, வந்திருப்பது யார் என்று கேட்டு, அரசன் தன் பெருமையைப் பாடிச் சொல்லும்படி செய்பவனும் அவனே. அரசன் கம்பீரமாகப் பாடி முடித்ததும் கட்டியங்காரன் அதை ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொல்வான். இடையில் உள்ளூர்த் தண்ணீர்ப் பிரச்சினையும் வரும், பஞ்சாயத்துப் பேச்சும் வரும்.

அவனுக்கு ஒரு கால் கதைக்குள்ளே, ஒரு கால் கூட்டத்திலே. துரியோதனனைக் கேள்வி கேட்கும் உரிமை கதையில் வேறு எந்தப் பாத்திரத்துக்கும் இல்லை, இவனுக்கு உண்டு. ஆனால் இவன் என்ன சொன்னாலும் திரௌபதியின் துகில் உரியப்படுவது நிற்கப் போவதில்லை. கதையின் போக்கைத் தொடாமல் அதைப் பற்றி எதையும் சொல்லலாம் என்பதே கட்டியங்காரனுக்கு மரபு கொடுத்திருக்கும் அனுமதி. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோற்பாவைக்கூத்தில் இராமாயணக் கதைக்கு நடுவே வரும் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் ஆகியோரும் ஏறத்தாழ இந்த நிலையில் இருப்பவர்களே. தமிழ்த் திரைப்படத்தின் நகைச்சுவை நடிகர் மேடை நாடகப் பபூன் வழியாக இந்த மரபிலிருந்து வந்தவர் என்பதை மறந்துவிட்டால் அவருடைய வேலை நமக்குப் புரியாது.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் ஏன் இன்னும் பேசப்படுகிறார்?

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன், வில்லுப்பாட்டிலும் நாடகத்திலும் தேர்ந்து, 1936இல் வெளிவந்த 'சதிலீலாவதி' வழியாகத் திரைக்கு வந்தார். தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே யோசித்து, தம் குழுவினரையும் தம் துணைவியார் டி.ஏ.மதுரத்தையும் கொண்டு உருவாக்கி, பெரிய படங்களோடு இணைத்தார். படத்தின் மூலக்கதை புராணமாகவோ அரச கதையாகவோ இருக்கும். கிருஷ்ணனும் மதுரமும் வரும் பகுதியில் குடி, தீண்டாமை, மூடநம்பிக்கை, கல்வி ஆகியவை பேசப்படும். கட்டியங்காரனின் அனுமதியைத் திரைக்குக் கொண்டுவந்து அதை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர் அவர்.

இதற்கு 'நல்லதம்பி' (1949) படத்தில் வரும் கிந்தனார் காலட்சேபத்தை விரிவாகப் பார்க்க வேண்டும். அண்ணா கதை வசனம் எழுதிய படம் அது. காலட்சேபத்தை எழுதியவர் உடுமலை நாராயணகவி. நந்தனார் சரித்திரத்தைப் பாகவதர்கள் கதாகாலட்சேபமாகச் செய்வது அன்றைய பார்வையாளர்களுக்கு நன்றாகத் தெரியும். பாகவதரின் அதே தோரணை, அதே தாளக்கட்டு, அதே நீட்டிச் சொல்லும் முறை எல்லாவற்றையும் கிருஷ்ணன் எடுத்துக்கொண்டார். கதை மட்டும் வேறு. நந்தன் சிதம்பரத்துக்குப் போக ஏங்கினான். ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் கிந்தன் படிக்க வேண்டும் என்று ஏங்கிப் பட்டணத்துக்கு ரயில் ஏறுகிறான். சக்கரம் சுழல, கரும்புகை விட்டு வரும் அந்த ரயில் உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்று பாராமல் எல்லோரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போவதைப் பாகவதர் பாவத்தோடு பாடுகிறார். கடவுளின் பெருமை வர வேண்டிய இடத்தில் ரயிலின் பெருமை வருகிறது.

அரங்கில் இருந்தவர்கள் முதலில் சிரித்தது காலட்சேபத்தைப் போல நடித்துக் காட்டிய திறமைக்காக. சிரித்து முடிக்கும்போது, கோயில் வாசலில் நிற்க வைக்கப்பட்ட ஒருவனுக்குப் பள்ளிக்கூட வாசலாவது திறக்க வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் ஏறியிருக்கும். மேடைப் பேச்சில் இதையே சொல்லியிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கிருஷ்ணன் நடிகர் எம்.கே.தியாகராஜ பாகவதரோடு கைதாகித் தண்டனை பெற்று, 1947இல் விடுதலையானார். வெளியே வந்ததும் முன்னிலும் துணிவான படங்களைச் செய்தார் என்பதையும் சேர்த்துத்தான் அவரை மதிப்பிட வேண்டும். 'நல்லதம்பி'யும், அவர் இயக்கிய 'மணமகள்' (1951), 'பணம்' (1952) ஆகியவையும் விடுதலைக்குப் பின் வந்தவை.

தனி காமெடி டிராக் தமிழ்ப் படங்களுக்கு நன்மை செய்ததா, கெடுதல் செய்ததா?

இரண்டும் செய்தது, ஆனால் கெடுதலின் பங்கு காலப்போக்கில் அதிகமாகிவிட்டது என்பதே என் கருத்து. மூலக்கதையோடு ஒட்டாமல் தனியாக ஓடும் நகைச்சுவைப் பகுதியே தனி டிராக். கிருஷ்ணனின் கையில் அது ஒரு மேடை. மூலக்கதைக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாததால் அவரால் எதையும் பேச முடிந்தது. பின்னாளில் அதே வசதி, கதாநாயகனின் கதை ஒரு பக்கமும் சிரிப்பு ஒரு பக்கமும் போக, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் படம் எடுக்க உதவியது. எந்தப் படத்திலிருந்தும் எடுத்து எந்தப் படத்திலும் ஒட்டலாம் என்ற நிலை வந்தபோது, நகைச்சுவை நடிகர் ஊரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, கூட வரும் துணை நடிகரை மட்டும் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

கதையோடு சேர்ந்த நகைச்சுவைக்கு 1964இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' நல்ல உதாரணம். நாகேஷ் தம் தந்தையாக வரும் டி.எஸ்.பாலையாவுக்குத் தாம் எடுக்கப் போகும் பேய்ப்படத்தின் கதையைச் சொல்லும் காட்சியைப் பார்த்திராதவர் குறைவு. கதவு கிறீச்சிடும் ஓசை, காலடி ஓசை, நடுநடுவே வரும் அமைதி எல்லாவற்றையும் நாகேஷ் வாயாலேயே எழுப்புகிறார். ஆனால் நம்மைச் சிரிக்க வைப்பதில் பாலையாவின் முகத்துக்கே பெரும்பங்கு. மகனிடம் பணம் கொடுக்கக் கூடாது என்ற பிடிவாதத்தோடு உட்காரும் பணக்கார அப்பா, கொஞ்சம் கொஞ்சமாகத் தம் அதிகாரத்தை இழந்து, பயந்துபோன ஒரு கிழவராக ஆகிறார். குடும்பத்தில் அப்பா வைத்திருக்கும் பிடி தளர்வதே அந்தப் படத்தின் கதை. அந்தக் காட்சியில் நடப்பதும் அதுதான். அதனால் அதை எடுத்துவிட்டால் படம் குறைபடும்.

கவுண்டமணி–செந்தில் காட்சிகளில் அடியும் வசையும் நிறைந்திருக்கின்றனவே, அவற்றை எப்படிப் பார்ப்பது?

நேர்மையாகப் பார்க்க வேண்டும். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சி உட்பட இவர்களுடைய புகழ்பெற்ற பகுதிகள் பலவற்றை எழுதியவர் ஏ.வீரப்பன். அவற்றின் கட்டமைப்பு மிகத் துல்லியமானது. ஒரு பழம் எங்கே என்ற மிகச் சிறிய கேள்வியை வைத்துக்கொண்டு, செந்தில் அசையாத அமைதியோடு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்ல, கவுண்டமணியின் கோபம் படிப்படியாக ஏறுகிறது. அதிகாரம் செய்பவனுக்குத் தர்க்கத்தில் தோல்வி. அடி வாங்குபவனுக்கு வெற்றி. இந்த அமைப்பு இருக்கும் வரை அந்த அடி நம்மைச் சிரிக்க வைக்கிறது. அமைப்பு போய், உருவத்தையும் நிறத்தையும் சொல்லித் திட்டுவது மட்டும் எஞ்சிய காட்சிகளும் அவர்களிடம் நிறைய உண்டு. அவற்றை இன்று நியாயப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை.

பெண்கள் நகைச்சுவையில் பொருளாக மட்டுமே இருந்தார்களா?

அச்சிலும் திரையிலும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தார்கள். பூரிக்கட்டையோடு நிற்கும் மனைவி, வீட்டை விட்டுப் போகாத மாமியார் என்று வாரப் பத்திரிகைத் துணுக்குகள் பல தலைமுறைகளுக்கு ஓடின. சமையலறையில் நாள் முழுவதும் நிற்பவரின் கையில் இருக்கும் பொருளையே அவருக்கு எதிரான நகைச்சுவையாக்கியது வருத்தத்துக்குரியது.

ஆனால் டி.ஏ.மதுரம் கணவரின் பேச்சுக்குத் தலையாட்டியவர் அல்லர். எதிர்க்கேள்வி கேட்டு மடக்கியவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த மனோரமா, 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் ஜில் ஜில் ரமாமணியாக, நம்மைச் சிரிக்க வைத்துக்கொண்டே ஒரு நாடக நடிகையின் தனிமையையும் பெருந்தன்மையையும் காட்டினார். கோவை சரளாவின் வேகம் எந்த ஆண் நடிகருக்கும் குறைந்ததன்று.

திரைக்கு வெளியே நிலைமை இன்னும் வேறு. திருமணத்தில் பெண்கள் பாடும் சம்பந்தி ஏசல் பாட்டுகளில் மாப்பிள்ளை வீட்டாரின் கஞ்சத்தனம், மாமியாரின் அலங்காரம், மாப்பிள்ளையின் நடை எல்லாம் பந்தலில் எல்லோர் காதுபடப் பாடப்படும். மறுநாள் முதல் அந்த வீட்டில் வாழப் போகும் பெண்ணின் சார்பில் அவளுடைய அத்தைகளும் சித்திகளும் ஒரு நாளாவது தட்டிக் கேட்டுவிடுகிறார்கள். இவை ஏட்டில் ஏறாமலே பெரும்பாலும் மறைந்துகொண்டிருப்பது தமிழ் நகைச்சுவைக்குப் பேரிழப்பு.

குடும்பத்தில் கேலிக்கு எல்லை உண்டா?

மிகக் கண்டிப்பான எல்லை உண்டு. 'கேலி பண்ணுகிற முறை' என்று ஊர்களில் சொல்வார்கள். மாமன் மச்சான், மதினி கொழுந்தன், முறைப்பெண் முறைமாப்பிள்ளை ஆகியோருக்குள் கேலி செய்யலாம். செய்யாவிட்டால்தான் மனத்தாங்கல் என்று நினைப்பார்கள். பங்காளி முறையில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. ஒரே சொல் மச்சானிடமிருந்து வந்தால் சிரிப்பு, சித்தப்பா மகனிடமிருந்து வந்தால் சண்டை. புண்படுவதா வேண்டாமா என்பதைச் சொல்லை விட, சொன்னவர் எந்த முறையில் நிற்கிறார் என்பதே இங்கே முடிவு செய்கிறது.

ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காகச் சிறை சென்றவர் தமிழ்நாட்டில் உண்டா?

உண்டு. 1987ஆம் ஆண்டு 'ஆனந்த விகடன்' அட்டையில் ஒரு ஜோக் வெளிவந்தது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, ஜேப்படிக்காரரைப் போல் இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரரைப் போல் இருப்பவர் மந்திரி என்று மற்றவர் சொல்வதாக அமைந்தது அது. இது சட்டமன்ற உரிமையை மீறியது என்று முடிவுசெய்த சட்டமன்றம், ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு அந்த ஆண்டு ஏப்ரலில் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. எங்கும் எதிர்ப்பு எழுந்தது. சில நாள்களிலேயே அவர் விடுதலை செய்யப்பட்டார். அதோடு விட்டுவிடாமல் அவர் நீதிமன்றம் சென்றார். தண்டனை தவறானது என்று கூறிய உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது.

அந்த ஜோக்கில் எவர் பெயரும் இல்லை, எந்தக் கட்சியும் இல்லை. அது கலை நுட்பத்தில் உயர்ந்தது என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். இருந்தும் ஒரு சட்டமன்றம் அதைப் பொருட்படுத்தித் தண்டித்தது. விடுதலையானதும் போதும் என்று இருந்துவிடாமல், ஒரு சிறிய துணுக்கை அச்சிடும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் வழக்காடிய அவருடைய உறுதி, தமிழ்ப் பத்திரிகை உலகம் எந்நாளும் நன்றியோடு நினைக்க வேண்டியது.

இலங்கைத் தமிழரிடையே நகைச்சுவை இதழ் மரபு உண்டா?

சிவஞானசுந்தரம் நடத்திய 'சிரித்திரன்' அதற்குப் பெருமைமிக்க சான்று. 1960களில் தொடங்கிய அந்த இதழில் அவர் 'சுந்தர்' என்ற பெயரில் வரைந்த சவாரித் தம்பர் முதலிய பாத்திரங்களும், 'மகுடி' என்ற பெயரில் எழுதிய கேள்வி பதில்களும் யாழ்ப்பாணத்து நடுத்தர வாழ்க்கையின் போலித்தனங்களையும் சீதனப் பேரத்தையும் அந்த மண்ணின் பேச்சிலேயே காட்டின. போர்க்காலத்திலும் அச்சு வசதி குறைந்த நிலையிலும் அந்த இதழைக் கொண்டுவர அவர் பட்ட பாட்டைத் தமிழ்நாட்டு வாசகர்களும் அறிந்திருக்க வேண்டும்.

மீம்கள் வந்த பின் நகைச்சுவை மாறிவிட்டதா?

வடிவம் மாறியிருக்கிறது. 2019 மே மாதத்தில், சுத்தியலின் படம் ஒன்றைப் போட்டு இதை உங்கள் நாட்டில் எப்படி அழைப்பீர்கள் என்று ஒரு முகநூல் பக்கத்தில் கேட்டிருந்தார்கள். 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த ஒப்பந்தக்காரர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழுந்ததை ஒருவர் அங்கே குறிப்பிட, நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யும் வாசகம் உலக அளவில் பரவியது. எவரையும் புண்படுத்தாமல் பல நாட்டுத் தமிழர்கள் சேர்ந்து நடத்திய கொண்டாட்டம் அது.

பொதுவாக வடிவேலுவின் முகம் மீம்களில் நிலைத்திருப்பதற்குக் காரணம், அவர் ஏற்ற பாத்திரங்கள் வீரம் பேசித் தோற்பவர்களாகவும் தோற்ற பிறகும் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பவர்களாகவும் இருப்பதுதான். மாதச் சம்பளம் போதாதபோதும் தேர்வில் தவறியபோதும் தன் நிலையைச் சொல்ல ஒருவருக்கு அந்த முகம் உதவுகிறது. உரையாசிரியர் பேராசிரியர் சொன்ன இரண்டாம் வகை எள்ளல் இங்கே தானாகவே விரும்பி மேற்கொள்ளப்படுகிறது.

பள்ளி மாணவர்களுக்கு எதிலிருந்து தொடங்கலாம்?

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையிலிருந்து தொடங்குவது நல்லது. குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்த பின் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவர் தம்மை விட்டுவிட்டு எண்ணுவதால், ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று அழுது புலம்புகிறார்கள். ஆசிரியர் இதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். எண்ணுகிற இடம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிழை எங்கே என்று விளக்கக் கூடாது. வகுப்பில் ஒரு பிள்ளை அதைக் கண்டுபிடித்துச் சத்தமாகச் சொல்லும், மற்றவர்கள் சிரிப்பார்கள். அதன் பிறகு, அந்தச் சீடர்களுக்கு அதை எப்படி எடுத்துச் சொல்வீர்கள் என்று கேட்டு ஒவ்வொருவரையும் ஒரு பத்தி எழுதச் சொல்லலாம்.